பதின்மூன்றாம் போர்ட்டின் பொட்டு

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் எதையும் விட்டுவைக்க மாட்டோம். ஜெராக்ஸ் மெஷின், தண்ணீர் மோட்டார், கல்லூரி பஸ், கடைசியில் கணினிகளையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். லேப் பிளாக்கில் சுவரோடு மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சுக்கு வருஷாவருஷம் என் மனைவிதான் பொட்டு வைப்பாள். அப்போது அவளும் இதே கல்லூரியில்தான் இருந்தாள். கேபிள் இழுத்ததிலிருந்து செட்டிங் போட்டது வரை எல்லாம் அவள் கைவேலை. நான் லேபில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகு அவள் நாற்காலி எனக்கு வந்தது. அவள் மூளை வரவில்லை.

போன வருஷம் பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு பொட்டு வைத்ததோடு சரி. இந்த வருஷம் அவள் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கேபிள்களையெல்லாம் உருவிவிட்டு, பழைய குங்குமக் கறையைக்கூட ஈரத்துணியால் தேய்த்து எடுத்தேன். கேபிளில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். மெயின் பிளாக்கிலிருந்து வரும் கேபிளில் மட்டும் எண் இல்லை. அதைக் கடைசி போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் கடைசித் துளையில், மாட்டுவதுதான் ஊர் உலக வழக்கம். நானும் இருபத்துநான்காம் போர்ட்டில் மாட்டினேன். பிறகு இருபத்துநான்கு போர்ட்டுக்கும் தலைக்கு ஒரு பொட்டு வைத்து, பொட்டுகள் மட்டும் தெரியக் கிட்டத்தில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "அழகா இருக்குங்க" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அந்த ஒரு வரியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அவள் போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேட்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாக. புதன்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? திருக்கோகர்ணத்து மாடி வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்க்கிறேன். மணமேல்குடியிலிருந்து அவள் அம்மா கொடுத்துவிடும் கருவாட்டை ஒற்றை ஆளாகப் பொரித்துத் தின்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அங்கே அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். இங்கே வந்தால் மறுபடியும் ஏணியும் கேபிளும்தான். கூப்பிட்டால் சுயநலம் என்று நினைப்பாளோ என்று பயம். இருந்தாலும் புதன்கிழமை காலை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே 'வந்துரு' என்ற ஒரு சொல்லை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை, அப்போதுதான் கூப்பிடுவாள்.

பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாளும் அதுதான். போய் உட்காரவில்லை, லேப் பிளாக் மாடியிலிருந்து தேர்வுப் பிரிவு அம்மா இறங்கி வந்தார்.

"சார், ஹால் டிக்கெட் ஒண்ணுகூட பிரிண்ட் ஆகல. செர்வரே கிடைக்க மாட்டேங்குது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போற பிள்ளைகளுக்கு மூணு மணிக்கு பஸ்ஸு."

எங்கள் கல்லூரியில் ஒரே சுவிட்சில் மாட்டியிருந்தாலும் அலுவலகக் கணினிகள் ஒரு வீலான், அதாவது ஒரு தனி வலைப் பிரிவு, மாணவர் கணினிகள் இன்னொரு வீலான். ஒன்று இன்னொன்றோடு நேராகப் பேசாது. மெயின் பிளாக்கின் பெரிய சுவிட்ச்தான் நடுவில் நின்று வழிவிட வேண்டும். செர்வரும் அங்கேதான் இருக்கிறது. லேப் பிளாக் கணினிகள் அந்தந்த வீலானுக்குள் ஒழுங்காகப் பேசிக்கொண்டன, பிளாக்கைத் தாண்டத்தான் முடியவில்லை. சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்ததால் கேபிள் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோளாறு பெரிய சுவிட்சில்தான் என்று முடிவுகட்டி, மெயின் பிளாக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணி நேரம் போனதுதான் மிச்சம். திரும்பி லேப் பிளாக்குக்கு வந்தபோது மாணவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள்.

சரியாக இரண்டு மணிக்கு அவள் வீடியோவில் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"என்ன ஆச்சு?"

சொன்னேன். எதைச் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தேனோ அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே நகர்த்தி வைத்தாள். இரண்டு வருஷமாகச் சாப்பிட்டியா, மழை பெய்ததா என்றே பேசி வந்தவர்கள், அன்று பழையபடி சண்டை போட்டோம். அவள் சொன்னதையெல்லாம் நான் ஏற்கனவே பார்த்துவிட்டேன் என்றேன். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வெட்கம்.

"பெட்டியக் காமிங்க. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு. அந்தக் கேபிள் ஏன் துணி காயப்போடுற கொடி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது?"

"கடைசி போர்ட்டுல மாட்டிருக்கேன். எட்டாமத்தான் இருந்துச்சு."

"அது குட்டைக் கேபிளுங்க. அதனாலதானே பதிமூணுல மாட்டுனேன். அத மட்டும்தான் ட்ரங்க் போர்ட்டா போட்டுருக்கேன். ரெண்டு வீலானும் சேந்து போறது அது ஒண்ணு வழியாத்தான். வேற எதுல மாட்டுனாலும் லைட்டு எரியும், ஒண்ணும் போகாது. வருஷா வருஷம் அதுக்கு மேல மட்டும்தானே பொட்டு வப்பேன்? யாரும் தொடக்கூடாதுன்னு. அந்தப் பழைய பொட்டு எங்க?"

"தொடச்சுட்டேன்."

"இருபத்திநாலு பொட்டு வச்சு அந்த ஒரு பொட்டத் தொலச்சுட்டீங்களா?" என்று சிரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று நானும் சிரித்தேன்.

கேபிளைப் பதின்மூன்றில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் மாடியில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. படிக்கட்டிலிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளுக்கும் அது கேட்டது. அவளை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என்னையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

பக்கத்தில் தேர்வுப் பிரிவு அம்மா நின்றார். வாசல் நிறையப் பிள்ளைகள்.

"வேற ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாயிருச்சு" என்றேன்.

"சரிங்க. வச்சுர்றேன்."

அவள் டிபன் பாக்ஸ் கடைசிவரை மூடியே இருந்தது. இடைவேளை முழுவதையும் நான் ஒரு கேபிளுக்குத் தின்னக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் நிதானமாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது செய்தி வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு ஆபீஸ் முடியுற வரைக்கும் பாத்தேன்."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, பதின்மூன்றுக்கு மேல் இருந்த பொட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைத்தேன். அவள் வருவதற்குள் இன்னும் இரண்டு ஆயுத பூஜை வரும். இரண்டுக்கும் அதை நான் தொடமாட்டேன்.