எங்கள் மண்டபத்து மயில்கள்

எங்கள் தெருவில் இரண்டு தியேட்டர்கள் இருந்தன. ஒன்று எங்கள் அப்பாவுடையது. எதிரில் இருந்தது, இப்போது அதை வைத்திருக்கிறானே, அவன் அப்பாவுடையது. கோயில் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளைப் புதுப்பிக்க வந்த ஆட்களைப் பிடித்து, இரண்டு பேருமே கூரையின் உட்புறத்தில் மயில் செய்ய வைத்தார்கள். நடுவில் தாமரை, சுற்றிலும் தோகை விரித்த மயில்கள். இரண்டுக்கும் ஒரே அச்சு. ஆனாலும் யார் மயில் அழகு என்று சாகும்வரை சண்டை போட்டார்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலைக் காட்சியில் கூட்டம் நிரம்பி வழியும். மலையைச் சுற்றி முடித்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து தூங்குவார்கள். குறட்டையில் வசனம் கேட்காது. கால்வலியில் தூக்கம் வராதவர்கள் அண்ணாந்து மயிலைப் பார்த்தபடி கிடப்பார்கள்.

அப்பாக்கள் காலத்துக்குப் பிறகு, படத்துக்குக் கூட்டம் குறைந்ததும் நான் எங்கள் தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்கினேன். ஏசிக்காக மயில்களுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்தேன். அவன் தியேட்டரைப் பூட்டியே வைத்திருந்தான். கலைமேல் அவ்வளவு பற்றாம், ஊரில் பேசுகிறார்கள். பொய். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. வழக்கு காப்பாற்றிய கட்டடத்துக்காக இவனுக்குப் பாராட்டு.

வழக்கு முடிந்ததும் பழையபடியே புதுப்பிக்க ஆரம்பித்தான். தேக்குக் கதவு பளபளத்தது. முகப்புத் தூண்களில் கொடிகளும் பூக்களும் திரும்ப முளைத்தன. செங்கம் ரோட்டு ஆசிரமங்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்து படம் எடுத்தார்கள். என் மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளையைத் தவிர எதையும் யாரும் படம் எடுத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் அவனே வந்தான்.

"மழை ஒழுகி எங்க மயிலெல்லாம் விழுந்துடுச்சுண்ணா. உங்களுது மேல அப்படியே இருக்கும். சீலிங்கைக் கழட்டி, அச்சு எடுத்துக்கறோம். நாங்களே திரும்ப மாட்டிக் குடுத்துடறோம்."

"உங்கப்பா எங்க மயிலைக் கோழின்னு சொன்னாரு."

சிரித்தான். "அவரே போய்ட்டாருண்ணா."

"கோழி உனக்கு இன்னாத்துக்கு? போய்ட்டு வா."

அவன் படி இறங்கியதும் என் மனைவி ஆரம்பித்தாள். "குடுத்தா இன்னாங்க கொறஞ்சிடும்? மூடித்தானே வெச்சிருக்கீங்க."

"என் மயிலு. மூடுவேன், தொறப்பேன்."

"தொறந்து பாத்து எத்தினி வருசமாச்சு?"

அது குத்தியது. முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் ஏணி போட்டு ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். தோகை முழுக்க ஒட்டடை. கழுத்தின் நீலம் மட்டும் மங்கவே இல்லை. இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. நியாயமாக, பார்த்ததும் மனசு இளகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இதையா அவனுக்குக் கொடுப்பது? பலகையை மாட்டித் திருகாணியை இறுக்கினேன்.

மறுபடியும் ஆள் அனுப்பிக் கேட்டான். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அதற்கும் கோபப்படாமல், வெற்றிலை பாக்கோடு வந்து திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வைத்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போனேன். மயில் இல்லாத கூரையைப் பார்க்கத்தான் போனேன். பால்கனியில் உட்கார்ந்து அண்ணாந்தேன். வெறும் வெள்ளைப் பெயின்ட். பெரிய வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் மேலே பார்க்கவில்லை. விளக்குகளைப் பார்த்தார்கள், பித்தளைக் கைப்பிடியைத் தடவினார்கள். சிவப்பு வெல்வெட் திரை மடிப்பு மடிப்பாக மேலே ஏற, விசில் காதைக் கிழித்தது.

பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினேன். "மேல பாருங்க. அங்க மயிலு இருக்கணும். இல்ல."

அண்ணாந்து பார்த்தார். "தியேட்டர்ல மயிலு இன்னாத்துக்கு சார்? சூப்பரா பண்ணியிருக்கான்," என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.