நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட்டுவந்த புவனகிரி தையல்காரப் பெண் ஒருவரின் ரத்தத்தில், இருக்கக் கூடாத ஒரு புரதம் தெரிந்தது. டாக்டர் பார்ப்பதற்குள், "ரத்தப் புற்றுநோயா இருக்கும்" என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. "எச்.ஐ.வி. இருக்குன்னு சொன்னவுங்களும் அத்தோட விட்டுட்டாங்க. நான் என்ன பண்ணணும், அத சொல்லுங்க சார்" என்றார்.

வெட்கத்தோடு அன்றே அவரைக் கடலூரில் ரத்த நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

இன்னும் சில டெஸ்டுகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப புற்றுநோய் இல்லம்மா. பின்னால வரலாம், வராமலும் போவலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

மூன்று வருடங்களாக அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. புரதமும் கூடவில்லை. "பயமா இல்லியாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தான் சார். பயந்துகிட்டே வந்துடுறேன்."

அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியாவிட்டால், யாரிடமும் நான் இப்போது நோயின் பெயரைச் சொல்வதில்லை.