குட்டிக்கு உடுத்திவிட்டது யார்?

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு, என் இரண்டு பிள்ளைகளுக்கு. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல இத்தனை நாள் வாய் வராததற்குக் காரணம் பயம் இல்லை. வெட்கம்.

நான் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். மைனஸ் இருபதில் தினமும் உள்ளே போய் வருகிறவன் என்பதால், பனிப் பிரதேசத்துக்கு விடுமுறைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மனைவியோ யார் யாரையோ விசாரித்து, பிள்ளைகளுக்கு உடம்போடு ஒட்டிப் போடும் கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட் என்று வாங்கிக் குவித்தாள். பிள்ளைகளா, வெங்காயமா என்று கிண்டல் செய்தேன். கிடங்குக்குள் ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் நான் நின்றதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

காட்டோரத்தில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டாம் நாள், பிள்ளைகளைச் சறுக்குமேட்டுக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். வெளியே மைனஸ் இருபத்தாறு. மனைவி கட்டில்மேல் துணிகளை இரண்டு குவியலாக எடுத்து வைத்தாள். "வரிசை மாத்தாம போடுங்க. சாக்ஸ் ரெண்டு ஜோடி" என்று சொல்லிவிட்டு, கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட வெளியே போனாள்.

பெரியவனுக்கு ஒன்பது வயது. சாதுவான பையன். கையைத் தூக்கு என்றால் தூக்குவான். எனக்குத்தான் பொறுமை இல்லை. உள்ளாடை இறுக்கமாக இருந்தது. ஒரு கை நுழைந்தால் மறு கை வெளியே வந்தது. காருக்குள்தானே போகிறோம் என்று அதைத் தூக்கிப் போட்டேன். ஸ்வெட்டரையும் விட்டுவிட்டேன். வீட்டில் போட்டிருந்த பனியனுக்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

"அவ்ளோதானாப்பா?"

"அவ்ளோதான். எல்லாம் போட்டாச்சு."

ஐந்து வயதுக் குட்டி, பிடிபடாமல் அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தாள். அதற்குள் கிடங்கிலிருந்து போன். சமையலறைக்குப் போய்ப் பேசினேன். நாலைந்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது குட்டி வாசல் கதவருகே நின்றிருந்தாள். ஆடாமல், அசையாமல்.

முழுதாக உடுத்தியிருந்தாள். கால்சட்டை நுனி காலணிக்குள் செருகியிருந்தது. கையுறைமேல் சட்டைக்கை இழுத்துவிடப்பட்டு, மணிக்கட்டில் நூல் சுற்றியிருந்தது. மார்பில் குறுக்காகப் போர்த்திய பழுப்பு நிறச் சால்வை, முதுகில் ஒரு சின்ன முடிச்சு. அந்தச் சால்வை எங்களுடையது இல்லை.

மனைவிதான் உள்ளே வந்து போட்டுவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் மனைவி திரும்பிக் குட்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்களா இப்படிக் கட்டினீங்க? பரவாயில்லையே. சால்வை ஏது?"

தலையாட்டினேன். வீட்டில் கிடந்தது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் என்னைப் பாராட்டிப் பல நாள் ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

"பெரியவனுக்கும் எல்லாம் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

ஓரிரு கிலோமீட்டர் போன பிறகுதான் அது உறைத்தது. போன் பேசிய நேரம் முழுக்கச் சமையலறை ஜன்னல் வழியாக மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட வீட்டுக்குள் வரவில்லை.

அப்படியானால்...

பின்சீட்டிலிருந்து குட்டி சொன்னாள். "அந்தக் கை ஜில்லுன்னு இருந்துச்சும்மா."

"அப்பா வேலை பாக்குற எடம் அப்படி" என்று மனைவி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. நான்தான் கட்டினேன் என்று ஏற்கெனவே தலையாட்டிவிட்டேனே!

சறுக்குமேட்டுக்குப் பாதி வழி போவதற்குள், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. காட்டு வளைவில் சக்கரம் வழுக்கியது. கார் சாலையை விட்டிறங்கி, பனிக்குவியலில் முகம் புதைத்து நின்றது. என்ஜின் இரண்டு முறை இருமி அடங்கியது. போனில் சிக்னல் இல்லை.

பெரியவனுக்குப் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கண் சொருகியது.

மனைவி அவன் நெஞ்சைத் தேய்க்க ஜிப்பைக் கீழே இழுத்தாள்.

பனியன்.

என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் ஜாக்கெட்டைக் கழற்றி அவனைச் சுற்றினேன். போதவில்லை. குட்டியின் சால்வையையும் அவனுக்குப் போர்த்தலாம் என்று முடிச்சில் கை வைத்தேன். அவிழவில்லை. பல்லால் கடித்தேன். இழுக்க இழுக்க இறுகியது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ரக்... க்ரக்...

பனிமேல் யாரோ நடக்கும் சத்தம். காரைச் சுற்றி வந்தது. மெதுவாக.

பெரியவன் பக்க ஜன்னலருகே நின்றது.

வெளியே யாரும் இல்லை.

ஆனால் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படர்ந்தது. மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது...

யாரோ குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குட்டி கை ஆட்டினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. பனி அள்ளும் வண்டி. அந்த டிரைவர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பெரியவன் பிழைத்துக்கொண்டான். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. குட்டியின் உடம்பு இளஞ்சூடாக இருந்தது. ஒரு நர்ஸ் சால்வை முடிச்சைத் தொட்டதும் அது பூப்போல அவிழ்ந்தது. டாக்டர் குட்டியின் உடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு பக்குவமாக உடுத்திவிட்டது யார் என்று கேட்டார். மனைவி என்னைக் கை காட்டினாள்.

"பையனுக்கும் இதே மாதிரி போட்டிருக்கலாமே, சார்."

இல்லை, அது நான் இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மரவீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தனியாகப் போனேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சால்வையையும் நீட்டினேன். அவர் அதிசயப்படவில்லை. வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் புருவம் சுருங்கியது.

"ஒண்ணுக்கு மட்டுமா போட்டுவிட்டாங்க? யார் வந்து தங்கினாலும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் போட்டுவிடுவாங்களே."

யார் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டைப் பற்றி அதற்குமேல் இன்றுவரை எனக்கு எதுவும் தெரியாது.

அன்று சாயங்காலம் வார்டில், மனைவி டீ வாங்கப் போயிருந்த சமயம், பெரியவனிடம் மெல்லக் கேட்டேன். நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் யாரையாவது பார்த்தானா என்று.

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவங்க மொதல்ல என்கிட்டதாம்ப்பா வந்தாங்க. ஸ்வெட்டரைக் கையில எடுத்துக்கிட்டுக் குனிஞ்சாங்க. வேணாம், எங்கப்பா எனக்கு எல்லாம் போட்டுட்டாங்கன்னு நான்தான் சொல்லிட்டேன்."