டிராக்டர் நின்ற இடம்

எங்கள் அம்மாவுக்குச் சண்டை போடத் தெரியாது. குரலை உயர்த்தினால் அவளுக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே விஷயத்தை, அதே வார்த்தைகளில், அதே நிதானத்தில், எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் முதலிலிருந்து சொல்ல அவளால் முடியும். கேட்கிறவர்களால்தான் முடியாது. நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அருப்புக்கோட்டை மெக்கானிக் ஒருவர் இதை முழுதாக அனுபவித்தார்.

அப்போது அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை இரும்புப் பெட்டியோடு வருவார், பெட்டி காலியானதும் போய்விடுவார். பரளச்சிப் பக்கம் எங்களுக்கு இருந்த கரிசல் காட்டை அம்மாவும் சித்தப்பாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். எதை எங்கே விதைப்பது என்று அம்மா சொல்வாள். சித்தப்பா டிராக்டர் ஓட்டுவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஊர் சொன்ன காரணம் குடி. அதை அவர் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. சித்தப்பாவின் கயிறு நைந்து, நிறம் போய், வெறும் அழுக்கு நூலாகிவிட்டது. புதுக்கயிறு கட்டினால் பழையதை மீறிவிட்டுத்தான் கட்டுகிறான் என்று பேசுவார்களே என்று அதை மாற்றவும் பயந்தார்.

மழைக்கு முன்னால், புரட்டாசியில், டிராக்டர்களை சர்வீஸ் பண்ண அந்த மெக்கானிக் டவுனிலிருந்து எங்கள் ஊருக்கே வருவார். ஒரே நாளில் நான்கு வண்டிகள். எல்லோருக்கும் தன் வண்டி முதலில் முடிய வேண்டும். அவருக்கோ சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் வண்டி நான்காவதாக மாட்டிக்கொண்டது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைக் கழற்றினார். சம்பு என்பார்கள் அதை. துடைக்கத் துணி வேண்டும் என்றார். அம்மா தன் பழைய கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு பாதியை எடுத்து, இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு அவர் வேலை பார்த்த வேகத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பெரிய கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடமும் காட்டியாயிற்று. வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதன் பிறகு மழை வரும்வரை அதற்கு வேலையில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. கரிசல் காட்டில் மழை பெய்த உடனே கால் வைக்க முடியாது. செருப்போடு சேர்த்து ஆளையே பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்துப் பதம் வரும். அந்தப் பதம் நான்கு நாளோ ஐந்து நாளோ நிற்கும். அதற்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான், அடுத்த ஐப்பசிவரை காட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதம் வந்த முதல் நாள் காலையில், காட்டில் கால்வாசி உழுவதற்குள் டிராக்டர் ஒரு மாதிரி முனகி, கறுப்பாகப் புகை விட்டு, நின்றது. சித்தப்பா என்னவெல்லாமோ செய்து பார்த்தார். என்ஜின் இறுகிப்போய் அசையவே இல்லை. டவுனுக்குப் போன ஒருவரிடம் சொல்லி அனுப்ப, மத்தியான பஸ்ஸில் மெக்கானிக் வந்தார். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் இருந்தது. அதுவரை கொஞ்சம் கலங்கியிருந்த முகம் அப்போதுதான் தெளிந்தது.

“எண்ணெய் ஊத்தினது ஊத்தினபடி இருக்கு. பம்பு கிம்பு போயிருக்கும். அப்ப மீட்டர்ல ஆயில் முள்ளு கீழ விழுந்திருக்கும்ல? பாத்து உடனே அமத்த வேண்டியதுதான? தெளிவா இருக்கிற ஆளு பாத்திருப்பாரு” என்றார்.

தெளிவா என்ற சொல்லில் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

“ஏன் தம்பி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீகளா?”

அம்மா கத்தவில்லை. விதை நிறைந்த ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடை திறந்துவிட்டார்களா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். சித்தப்பா மணிக்கட்டில் இருந்த நூலை ஒரு தடவை தடவினார். பிறகு வரப்பில் ஏறி வீட்டுப் பக்கம் நடந்தார். நாளைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு டவுனுக்கு வரச் சொல்லிவிட்டு மெக்கானிக்கும் போய்விட்டார்.

அன்று பொழுது சாய நாங்கள் வீட்டுக்குப் போனபோது சித்தப்பா இரண்டு வேட்டியையும் ஒரு சட்டையையும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். “வெதப்புக்கு யாரு கால்லயோ விழுந்து ஏரு கேட்டிருக்கேன். அது முடிஞ்சதும் திருப்பூர் போறேன் மதினி” என்றார். அம்மா தட்டை வைத்தாள். சித்தப்பா உட்காரவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. டிராக்டரின் மட்கார்டில் என்னை உட்கார வைத்து ஓட்டுகிற ஒரே ஆள் அவர்தான். அங்கே உட்கார்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குப் பழக்கம். அதனால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்: “எம்மா, அந்த ஆயில் முள்ளு எப்பவும் படுத்துத்தான கெடக்கும்? அது செத்துப்போச்சுன்னு மெக்கானிக் மாமாதான சர்வீஸ் அன்னைக்கிச் சொன்னாக? அடுத்த வருசம் மாத்திக்கிருவோம்னாகள்ல?”

அம்மாவின் கையில் இருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. என்னை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பயந்து நான் தட்டோடு அடுப்படிப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். காரணம் கேட்கிற ஆள் இல்லை நான். கிளம்பும் முன் காட்டுக்குப் போய், டிராக்டரை இழுக்கக் கயிறோடு நின்ற பக்கத்துக் காட்டுக்காரரிடம், “வண்டி நின்ன எடத்த விட்டு ஒரு அடி நகரக் கூடாது. யாரு வந்து கேட்டாலும் நகரக் கூடாது” என்று சொல்லிவிட்டு வந்தாள். வண்டி மெக்கானிக்கின் பட்டறைச் செட்டுக்குப் போய்விட்டால் உள்ளே என்ன இருந்தது, வெளியே என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்? இதை நான் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அம்மா அப்போதே யோசித்திருந்தாள்.

செட்டில் மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். “ஊர்ல வந்து, எங்க காட்டுல வச்சு, எங்க கண்ணு முன்னாடி கழட்டுங்க” என்றாள் அம்மா. காட்டில் வைத்தெல்லாம் கழற்ற முடியாது, நாளைக்குப் பார்க்கலாம், கையில் பெரிய வேலை இருக்கிறது என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. சரி என்று சொல்லிவிட்டு அம்மா வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு வேன்காரர் வந்தார். பொம்பளை ஒருத்தி டயர் மேல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? என்னம்மா என்றார். அம்மா சர்வீஸ் நாளிலிருந்து ஆரம்பித்தாள். சேலையைக் கிழித்தது, எலுமிச்சம்பழம், மழை, முனகல், புகை, செத்துப்போன முள், அதைப் பார்க்கவில்லை என்று சொன்னது. மெக்கானிக்கைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. அவுக வந்தாக, அவுக சொன்னாக என்று மரியாதையாகவே சொன்னாள். வேன்காரர் தன் வேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அடுத்து காரியாபட்டியிலிருந்து டிராக்டர் கொண்டுவந்த இரண்டு பேர். அம்மா சர்வீஸ் நாளிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்து டீக்கடைக்காரர். அவருக்கு வண்டியே கிடையாது. அவருக்கும் முதலிலிருந்துதான். மூன்றாவது தடவை அம்மா புகையை விட்டுவிட, நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்காக என் தலையைத் தடவினாள்.

ஐந்தாவதாக யாரோ வருவது தெரிந்ததும் லாரிக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார். கையைக் கழுவக்கூட இல்லை. சாமான் பையை எடுத்தார். “வாம்மா தாயி, போவோம்” என்றார்.

பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் பின்னால். எங்கள் காட்டில் சித்தப்பா இரவல் மாட்டோடு உழுதுகொண்டிருந்தார். நாலு டிராக்டர் ஓடும் ஊரில் ஏர் பிடித்து அவர் நடந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.

பக்கத்துக் காடுகளிலிருந்து ஆட்கள் தானாகவே வந்து நின்றார்கள். மெக்கானிக் என்ஜினுக்கு அடியில் புகுந்து எண்ணெயை ஒரு தகர டின்னில் வடித்தார். சம்பைக் கழற்றி இறக்கினார். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்குமாம். அந்தச் சல்லடையை மூடிக்கொண்டு கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அவர் அதை உருவித் தன் சாமான் பைப் பக்கம் நகர்த்தியபோது அம்மா குனிந்து அவர் கையிலிருந்தே வாங்கினாள். வண்டிக்கு ஊற்றியது போக வேறொரு டின்னில் மிஞ்சியிருந்த டீசலில் அலசினாள். ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது.

“இது ஒங்க வீட்டுத் துணியில்லம்மா? என் செட்டுத் துணியில்லயே” என்றார் மெக்கானிக். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“ஆமாண்ணே. எங்க வீட்டுத் துணிதான். ரெண்டாக் கிழிச்சு ஒங்க கையில குடுத்தேன். ஒண்ணுல கை தொடச்சு வேலியில போட்டுட்டுப் போனீக, அது இன்னும் அங்கனதான் கெடக்கு. இன்னொண்ண இத்தன நாளாத் தேடுறேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. ஈர மண்ணில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவசரத்தில் உள்ளே விட்டுவிட்டேன் என்று கடைசியில் அவரே சொன்னார். எனக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் வேறு டிராக்டர் வந்து எங்கள் காட்டில் இறங்க வேண்டும் என்றாள் அம்மா. வண்டியைப் பழையபடி ஆக்கித் தருவது அவர் பொறுப்பு என்றாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் அம்மா.

அவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குக் குறுக்கே நடந்தாள். அவர் முன்னால், அம்மா பின்னால், அதற்குப் பின்னால் நானும் ஊரும். உழுத மண்ணில் எல்லோர் காலும் புதைந்தது. சித்தப்பா மாட்டை நிறுத்திவிட்டு நின்றார். அவரிடம் சொல்லுங்கள் என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அம்மா மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை அப்படியே சொன்னார்.

“ஒங்க மேல தப்பு இல்ல. நாந்தான் யோசிக்காமப் பேசிட்டேன். நாலு பேரு முன்னாடி ஒங்களத் தலகுனிய வச்சிட்டேன். மனசுல வச்சிக்கிறாதீக.”

சித்தப்பா தலையை ஆட்டினார். பிறகு மாட்டைத் தட்டி ஏரைத் திருப்பினார்.

சாயங்காலம் வேறு டிராக்டர் வந்தது. மறுநாளும் ஓடியது. கிழக்கே மேட்டில் ஒரு துண்டு மட்டும் அதற்குள் காய்ந்துவிட்டது; அந்த வருஷம் முழுக்க அது மொட்டையாகவே கிடந்தது. மஞ்சள் பை இரண்டு நாள் மூலையில் இருந்தது. மூன்றாம் நாள் அதில் அம்மா வெங்காயம் வாங்கி வந்தாள்.

அன்று காட்டில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. மெக்கானிக் அவ்வளவு பணிவாகப் பேசும்போது சித்தப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பேசும்போது இப்படியா நிற்பது என்று நினைத்தேன். இன்னொன்று, சொல்லிக் கொடுத்து முடித்த பிறகும் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் சத்தமில்லாமல் கூடவே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும்போது பக்கத்துப் பிள்ளைக்கு நானும் அப்படித்தான் உதடு அசைப்பேன். அந்த ஆள் எங்கே மறந்துவிடப் போகிறாரோ என்று அம்மாவுக்குப் பயம் என்றுதான் நான் அன்று நினைத்துக்கொண்டேன்.