ஒண்ணும் தெரியல

நீல மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா அது. அக்கா அதன்மேல் சித்தியின் பெயரை எழுதவில்லை; ஏழு என்று எண் மட்டும் எழுதினாள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் சளியில் பெயர் இருக்கக் கூடாதாம். சித்திக்கு அது பிடிக்கவில்லை. "எம் பேரு இல்லன்னா அது என்னுதுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் இருமினாள். அந்த இருமல் அடங்கும்வரை நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அம்மா போன பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், கல்லைப் பொடியாக்கிக் களிமண்ணோடு சேர்க்கிற அரவைப் பிரிவில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகும், தழும்பானால் பழையபடி ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிரிவில் இருந்த சிலர் மூச்சுக்குத் தவித்துத் தவித்தே செத்ததைப் பார்த்திருக்கிறோம். நான் அதே கம்பெனியில் சூளைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா படித்து, வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர் ஆனாள்.

அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஒருமுறை ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சொன்னாள். "அதோ, அந்த சிக்னல் கை வுழுந்தாத்தான் இந்த சிக்னல் கை ஏறும், இது ஏறினா அது பூட்டிக்கும் இல்ல? செல்லுக்குள்ள ஜீனும் அப்படித்தான்டா. ஒண்ணு இன்னொண்ண எழுப்பும், இன்னொண்ணு இத அடக்கும்." எது எதை எழுப்புகிறது, எவ்வளவு நேரத்தில் என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. பிறகு, இயற்கையில் இல்லாத ஒரு புது ஜீன் இணைப்பைத் தானே வடிவமைத்து, தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியாவுக்குள் வைப்பது. நுரையீரல் தழும்பேற ஆரம்பிக்கும்போதே சளியில் ஒரு பொருள் கூடுகிறதாம். அதை மோந்ததும் அந்த பாக்டீரியா சிவப்பாக மாற வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு சொட்டுச் சளி போதும். கம்ப்யூட்டரில் அது ஒவ்வொரு தடவையும் சிவந்தது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

சித்தியையும் சேர்த்து அரவைப் பிரிவில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, சளி எடுத்துப் போனாள். இது சோதனைதான், இதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

சில மாதம் கழித்து அவள் வந்தபோது சித்தி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "ஏம்மா, ஏழாம் நம்பரு என்னாச்சு?"

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, களைப்பாகச் சொன்னாள்: "ஒண்ணும் தெரியல சித்தி."

சோதனையில் எதுவும் புரியவில்லை, நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என்பது அக்கா சொன்னது. நோய் எதுவும் தென்படவில்லை என்பது சித்தி கேட்டது. சித்தியின் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி மீனை ஆய்ந்தது. அன்று குழம்பில் அக்காவுக்கு இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது. அது நிம்மதியில் விழுந்தது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

சித்தி மேலும் ஒன்றரை வருஷம் அரவைக்குப் போனாள். மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இவ்வளவு நாளா ஏம்மா காட்டல?" என்று கேட்டார். சித்தி மூச்சை இழுத்து இழுத்து, பெருமையோடு சொன்னாள்: "எங்க பாப்பா சயின்டிஸ்ட்டுங்க. அப்பவே டெஸ்ட்டு பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அக்கா அங்கேயே நின்றாள். "நான் அப்படிச் சொல்லல" என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. மூன்று மாதத்தில் சித்தி போய்ச் சேர்ந்தாள்.

சளி பட்டும் பாக்டீரியா ஏன் சிவக்கவில்லை என்பதை அக்கா பிற்பாடு கண்டுபிடித்தாள். அவள் வைத்த இணைப்பு அந்த பாக்டீரியாவுக்கு ஒரு சுமை. சுமக்கிறது மெதுவாகப் பெருகும். தற்செயலாகச் சுமையைத் தொலைத்தது வேகமாகப் பெருகும். சில நாளில் சோதனைக் குழாய் முழுக்கத் தொலைத்தவைதான். அவற்றுக்கு எந்தச் சளியும் ஒன்றுதான். "என் மாடல்ல செல்லுக்குப் பாரம்னு ஒண்ணே இல்லடா. நான் போடவே இல்ல," என்றாள். பிறகு அதையும் சேர்த்துப் போட்டாள். மூன்று தடவை மாற்றி வடிவமைத்தாள். மூன்றையும் அவை தொலைத்தன. திட்டம் நிறுத்தப்பட்டது. இப்போது எங்கோ ஒரு கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்.

போன தடவை அவள் வந்திருந்தபோது, சித்தியோடு வேலை பார்த்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அவளும் அன்று சளி கொடுத்தவள்தான். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அந்த டெஸ்ட்டு எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

அக்கா அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அது வராதுங்க. அது தோத்துப் போச்சு. அதுல உங்களுக்கு எதுவும் இல்லன்னு அர்த்தம் கெடையாது. நாளைக்கே போயி எக்ஸ்ரே எடுங்க. அந்த வேலைய வுட்டுடுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "எடுத்து என்னங்க பண்றது? இருக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் வேலைய வுட்டுட முடியுமா? வூட்டுல யாரு பாக்கறது?" எழுந்து, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா வாசற்கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "சித்தியும் இதத்தான் சொல்லியிருக்கும், இல்லடா? தெரிஞ்சிருந்தாலும் வேலைக்குப் போயிருக்கும், இல்ல?"

ஆமாம் என்று சொன்னால், அவள் இத்தனை வருஷம் உழைத்தது எதற்குமே இல்லை என்று ஆகிவிடும். இல்லை என்று சொன்னால், சித்தியின் சாவை அவள் தலையில் நானே வைத்ததாகிவிடும். நான் அவள் பையை எடுத்து வாசலில் வைத்தேன். மத்தியானம் அவளை ரயிலேற்றிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் நேராகக் கம்பெனிக்குப் போனேன்.