நாற்காலிக்கு எழும்பிய அலை

நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். பேய் பிசாசு என்று பேச்செடுத்தாலே எழுந்து போகிற ஆள் நான். பிழைப்பும் சிரம்பானில் மூளை அலை எடுக்கும் வேலை.

ஓர் ஆய்வுக்காக மெஷினோடு கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பாலர் பள்ளி அறையில் இடம் கொடுத்தார்கள். திரையில் படங்கள் மாறி மாறி வரும். ஆள் என்றால் இடது பொத்தான், பொருள் என்றால் வலது. தலையில் மாட்டிய தொப்பி அலையைப் பதியும். மனித முகத்தைக் கண்டால் அலை ஒரு மாதிரி எழும்பும், வாளியைக் கண்டால் எழும்பாது, அவ்வளவுதான்.

பொருள் படங்களை நானே வீட்டில் எடுத்தேன். வாளி, குடை, சமையலறை நாற்காலி. அது என் மனைவி ஸ்டெல்லா உட்காருகிற நாற்காலி. போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அன்று காலை அதில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முதலில் வந்தவர் லெட்சுமி அக்கா, முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னால், குளித்த கையோடு வழிய வழிய எண்ணெயும் தேய்த்து வந்திருந்தார். "வெறுந்தலையோட எப்புடி தம்பி நாலு பேரு முன்னால வர்றது?" எண்ணெய் இருந்தால் அலை பிடிக்காது. குழாயடியில் ஷாம்பு போட்டு அலசவைத்துத் தொப்பியை மாட்டினேன்.

முதல் சுற்றில் நாற்காலி வந்தபோதெல்லாம் அக்கா 'ஆள்' என்றே அழுத்தினார். கை தவறியது என்று பார்த்தால், அலையும் முகத்துக்கு எழும்புகிற மாதிரியே எழும்பியிருந்தது. மிச்ச எண்ணெயின் வேலை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்றில் அதே படத்துக்கு 'பொருள்' என்றார். அலையும் அடங்கிவிட்டது.

முடிந்ததும் கேட்டேன். "ஏன்கா, மொதல்ல நாற்காலிக்கு ஆளுன்னு அமுக்குனீங்க?"

"ஒரு பொம்பள ஒக்காந்திருந்துச்சுலா. ஆம்பள சட்ட போட்டிருந்துச்சு, நீலச் சட்ட. ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சிப் போயிருச்சு."

குளிருகிறது என்று அந்தக் கடைசிக் காலையில் ஸ்டெல்லா என் நீல யூனிஃபார்ம் சட்டையைத்தான் போட்டிருந்தாள். அதைப் பற்றித் தோட்டத்தில் யாரிடமும் நான் மூச்சுவிட்டதில்லை. எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அது வெறும் நாற்காலிதான். அவர்கள் போனபின் தொப்பியை நானே மாட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அவ்வப்போது மாட்டிப் பார்க்கிறேன். வாளிக்கு எப்படியோ அப்படியேதான் நாற்காலிக்கும்.

அக்காவின் முதல் சுற்று மட்டும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நான் அதே அறையில்தான் இருந்தேன், மெஷினைப் பார்த்துக்கொண்டு.