லூர்தம்மாவின் வலக்கை

கார்ச் சக்கரத்துக்கு மேல் வரும் மட்காட் தகட்டில் கையை வைத்ததும் லூர்தம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். பார்த்தால் கை சோம்பேறியாகிவிடுமாம். மெல்லிய பருத்திக் கையுறை போட்ட வலக்கை தகட்டின் வளைவோடு நீளமாக இறங்கும். மயிரளவு பள்ளமோ புடைப்போ இருந்தால் நிற்கும். நின்ற இடத்தில் சோக்குக் கட்டியால் ஒரு வட்டம். நாளொன்றுக்கு நானூறு தகடு. பிராண்டே என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே, அடிபட்ட கார்களுக்கு மாற்றுத் தகடு அழுத்தி எடுக்கும் தொழிற்சாலை இது. நான் அடுத்த மேசையில் நல்ல தகடுகளை அடுக்குகிறவன்.

வெளியே போனாலும் அந்தக் கை சும்மா இராது. ஒரு பிறந்தநாள் விழா வாசலில் எங்கள் ஊர்க்காரர் குலேந்திரன் தன் புதுக்காரைக் காட்டினார். எல்லோரும் வாழ்த்த, லூர்தம்மா கதவைத் தடவி, "இதிலை ஒரு நெளிவு கிடக்கு தம்பி, திருப்பிக் குடுங்கோ" என்றார். குலேந்திரன் இன்றுவரை அவருக்கு முகம் கொடுப்பதில்லை.

வயது ஐம்பத்தெட்டு. ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் கிடக்கிறது. இடைவேளையில் கோப்பியைக் குடிக்காமல் கோப்பையை வலக்கையில் பொத்திக்கொண்டு இருப்பார். சூடு தெரிகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டு மாதமாக அந்தக் கை விரல்கள் மரத்துப்போகின்றன. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேலையிடத்தில் சொல்லுங்கள் என்று மகள் மரினா டேனிஷில் தினமும் கரைச்சல்.

"சொன்னால் நாளைக்கே வேறை ஆளை நிப்பாட்டுவாங்கள் பிள்ளை. படிப்பும் இல்லை, பாஷையும் அரைகுறை. இந்தக் கைதான் என்ரை சேட்டிபிக்கற்" என்பது தாயின் பதில்.

போன கிழமை அவர் நல்லதென்று விட்ட மூன்று தகடுகள், பெயின்ற் அடித்தபின் பள்ளம் தெரிந்து திரும்பி வந்தன. மேற்பார்வையாளர் ஹென்ரிக் அவற்றை அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

"அவன் ஏசியிருந்தாலும் பறுவாயில்லை" என்றார் லூர்தம்மா. இன்னும் ஒன்று திரும்பினால் கதை முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நேற்று ஹென்ரிக் எங்கள் வரிசையைக் கடக்கும்வரை வலக்கை வழக்கம்போல் தகட்டில் ஓடியது. எங்கும் நிற்கவில்லை. அவர் கதவுக்கு அப்பால் மறைந்ததும் லூர்தம்மா காதுத்தோட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். குனிந்து, அதே தகட்டின் குளிர்ந்த இரும்பில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில், சக்கர வளைவுக்குச் சற்று மேலே, கன்னம் நின்றது.